மூச்சு மெஷினும் மோட்டார் சைக்கிள் சாக்கெட்டும்

டிசம்பர் 3, செவ்வாய்

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று என்னிடம் ஒருமுறை கேட்டாள்: “சார், கரண்ட் போயிடுச்சு, கரண்ட் போயிடுச்சுங்கிறாங்களே, அது எங்க சார் போகுது?” வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குக் கேள்வி பிடித்திருந்தது. பிள்ளைகளை வட்டமாகக் கைகோத்து நிற்கவைத்து, ஒருவர் கையை அழுத்தினால் அடுத்தவரும் அழுத்த வேண்டும் என்றேன். அழுத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. நடுவில் ஒருத்தி கையை விட்டதும் நின்றுபோயிற்று. எங்கேயும் போகவில்லை, வழி விட்டுப்போயிற்று, அவ்வளவுதான் என்று சொன்னேன்.

புயல் கடந்துவிட்டது. எங்கள் தெருவில் நிமிர்ந்து நிற்கிற மின்கம்பம் ஒன்றுகூட இல்லை. ஆலங்காட்டுத்துறையிலிருந்து வெளியே போகிற ஒரே சாலையில் தென்னையும் புளியும் மாறிமாறி விழுந்து கிடக்கின்றன. வெளி மாவட்டங்களிலிருந்து லைன்மேன்கள் வந்திருக்கிறார்களாம். பாவம், மழையில் நனைந்துகொண்டே வேலை செய்கிறார்கள். எங்கள் ஊர் கடைசி ஊர், வந்துசேர நாளாகும்.

இன்று காலை வீட்டு இன்வெர்ட்டர் கீச்சிட்டு அணைந்தது. என் மனைவி மங்கையர்க்கரசியின் மூச்சு மெஷின் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் இதை எழுத ஆரம்பிக்கிறேன். வீட்டில் இப்படி ஒரு மெஷினை வைத்துக்கொண்டு கரண்டுக்குத் தவிக்கிற வேறு யாருக்காவது பயன்படலாம்.

அரசிக்கு வந்திருப்பது, தசைகளை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகிற நோய். முதலில் கால்கள், பிறகு வலது கை, இப்போது மூச்சு. இடது கையை மட்டும் இன்னும் முகம்வரை தூக்க முடிகிறது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் வழியாக மெஷின் காற்றைத் தள்ளித் தருகிறது. மாஸ்க் இருக்கும்போது அவள் பேசினால் ஒன்றும் கேட்காது. எடுத்துவிட்டால் மெல்லிய குரல் வரும், ஆனால் கொஞ்ச நேரத்தில் நெற்றி வேர்த்து உதடு கறுத்துவிடும்.

தஞ்சாவூர் டாக்டர் அடுத்த கட்டத்தைச் சொல்லிவிட்டார். தொண்டையில் துளைபோட்டுக் குழாய் வைக்க வேண்டும், அதன்பின் மெஷின் நிரந்தரம், பேச்சு அநேகமாக இருக்காது. இந்த மாதம் பதினோராம் தேதி சேர்க்கச் சொன்னார். மஸ்கட்டிலிருக்கும் மகன் கவியரசுவும் செய்துவிடலாம் என்றான். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அரசியிடமும் சொன்னேன். தலையசைத்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆக, சாலை திறக்கும்வரை மெஷின் நிற்கக் கூடாது. இப்போதைக்கு என் வேலை இது ஒன்றுதான்.

மெஷினோடு தனியாக ஒரு பாட்டரி வாங்கியிருந்தோம். நிறைந்திருந்தால் இரண்டு நாள் தாங்கும். அதை வண்டியின் சாக்கெட்டில் செருகிச் சார்ஜ் ஏற்றவும் ஒரு ஒயர் கொடுத்தார்கள். வண்டி என்று அவர்கள் நினைத்தது காரை. நம்மிடம் கார் கிடையாது. எதிர்வீட்டு ஜமாலுதீனின் மினி லாரிமேல் தூங்குமூஞ்சி மரம் படுத்திருக்கிறது. ஊரில் இருக்கும் ஒரு ஜெனரேட்டரைத் தண்ணீர்த் தொட்டிக்கு வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கவியரசுவின் மோட்டார் சைக்கிள் கொட்டகையில் நிற்கிறது. லீவில் வந்தால் ஊர் சுற்றுவதற்கென்று, போன் சார்ஜ் போட ஹேண்டில்பாரில் ஒரு சாக்கெட் பொருத்தியிருந்தான். கார் சாக்கெட் மாதிரியே உருண்டையானது. ஒயர் சரியாகப் பொருந்துகிறது.

சாவி பூஜை அலமாரியில் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. போட்டுத் திருகினேன். ஒரு விளக்கும் எரியவில்லை.


டிசம்பர் 4, புதன்

வண்டியின் பாட்டரி சுத்தமாகக் காலி. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஏனென்றால் ஞாயிறுதோறும் சார்ஜர் போட்டுவந்தவன் நான். மகன் சொல்லிவிட்டுப் போனதை ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை.

யோசித்துப் பார்த்ததில் புரிந்தது. அந்தச் சார்ஜருக்கு இரண்டுவிதமான முனை உண்டு. ஒன்று, பாட்டரியின் இரு முனைகளையும் நேரே கடித்துக்கொள்ளும் கிளிப். இன்னொன்று சாக்கெட்டில் செருகுவது. சீட்டைக் கழற்ற வேண்டாம், கையில் கிரீஸ் படாது என்று நான் இரண்டாவதையே பயன்படுத்தினேன். செருகியதும் பச்சை விளக்கு எரியும். பாட்டரி நிறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு திருப்தியாக உள்ளே போய்விடுவேன்.

இந்தச் சாக்கெட் சாவி போட்டால்தான் பாட்டரியோடு சேரும். சாவி சாமி காலடியில் இருந்தது. கவியரசு திரும்பி வந்துதான் எடுக்க வேண்டும் என்று அரசி ஆசைப்பட்டு வைத்தது. சாவி இல்லாத சாக்கெட்டில் சார்ஜரை மாட்டுவது, பூட்டிய வீட்டின் வாசலில் பால் பாக்கெட்டைப் போட்டுவிட்டு வருவது மாதிரி. அந்தச் சார்ஜர் எதிலும் மாட்டாமல் சும்மா இருந்தாலும் பச்சைதான் எரியும். அதன் பெட்டியிலேயே அப்படி அச்சிட்டிருக்கிறது, இன்றுதான் படித்தேன். ஜமாலுதீனிடம் சொன்னேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “பிசிக்ஸ் வாத்தியாரே, பச்சை லைட்ட நம்பிட்டீங்களா? எங்க வூட்டம்மாவும் இப்படித்தான் சார். சிரிச்ச முகமா இருந்தா எல்லாம் சரின்னு நெனச்சுக்குவேன். அப்புறம்தான் தெரியும், அன்னைக்குத்தான் ஒண்ணும் சரியில்லன்னு.”

நல்ல வேளையாக இது கிக்கர் உள்ள பழைய மாதிரி வண்டி. ஜமாலுதீன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தான். பெட்ரோல் பழசாகிப் போயிருந்ததால் வெகுநேரம் பிடித்தது. பிடித்ததும் தெருவே திரும்பிப் பார்த்தது, அவ்வளவு சத்தம்.

மூச்சு மெஷினின் பாட்டரி ஒயரைச் செருகினேன். விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. மறுபடி செருகினேன். மறுபடி மின்னி அணைந்தது.

நேற்றிலிருந்து அந்தப் பாட்டரியில் பாதி சார்ஜ் போய்விட்டது.

மதியம் மெஷின் அலறியது. ஓடிப் போய்ப் பார்த்தால் அரசியின் மாஸ்க் கன்னத்துக்கு நழுவியிருந்தது. “என்னங்க, இங்க கொஞ்சம்…” என்றாள். மாஸ்க்கைச் சரியாகப் பொருத்தி, பயப்படாதே, வண்டி கிளம்பிவிட்டது, இன்னும் ஒரு சின்ன வேலைதான் பாக்கி என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தேன். மாஸ்க்கின் பட்டை பழையதாகிவிட்டது. தளர்ந்திருக்கும்.


டிசம்பர் 5, வியாழன்

இன்று கண்டுபிடித்ததை விவரமாக எழுதுகிறேன்.

கரண்ட் வராதபோது நம் ஆட்கள் முதலில் ஒயரை ஆட்டுவார்கள். ஆட்டினால் சில சமயம் வரும், ஏன் வந்தது என்று தெரியாது, திரும்பப் போனாலும் தெரியாது. அப்படிச் செய்யக் கூடாது. ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். வகுப்பில் பென்சில் காணாமல் போனால் முதல் பெஞ்சிலிருந்து கேட்டு வருவோமே, அதுபோல.

பியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பிறகு வண்டியின் பின் இண்டிகேட்டரிலிருந்து பல்பைக் கழற்றி, இரண்டு துண்டு ஒயர் கட்டிக்கொண்டேன். மீட்டர் இல்லாதவர்களுக்கு இதுவே மீட்டர். இஞ்சின் ஓடும்போது, சாக்கெட்டின் நடுப்புள்ளியில் ஒரு ஒயரையும் உட்சுவரில் இன்னொன்றையும் தொட்டேன். பல்பு மின்மினி மாதிரி எரிந்தது. நடுப்புள்ளியில் இருந்ததை எடுக்காமல், மற்ற ஒயரை மட்டும் இஞ்சினின் வெறும் இரும்பில் தொட்டேன். பளிச்சென்று எரிந்தது.

அதாவது கரண்ட் வரும் வழி நன்றாக இருக்கிறது. திரும்பிப் போகும் வழி கெட்டிருக்கிறது. பஸ் ஊருக்குள் வருகிறது, திரும்பிப் போகப் பாதை இல்லையென்றால் அடுத்த பஸ் எப்படி வரும்? சாக்கெட்டின் கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சீட்டுக்குக் கீழே சட்டத்தோடு ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தார்கள். உப்பளக் காற்றில் அந்த போல்ட் பச்சைப் பாசி பிடித்த மாதிரி பூத்திருந்தது. கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே அரசியின் முதுகுப் புண்ணுக்குத் தடவுகிற வாஸ்லினைப் பூசினேன்.

அப்போதும் விளக்கு நிலைக்கவில்லை. இஞ்சின் மெதுவாக ஓடும்போது தயாராகிற கரண்டை வண்டியின் காலிப் பாட்டரியே குடித்துவிடுகிறது. பசித்த இரண்டு பேருக்கு ஒரு தட்டுச் சோறு. அதற்காக வண்டி பாட்டரியைக் கழற்றிவிடக் கூடாது. கழற்றினால் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி மெஷினைக் கெடுத்துவிடும். சோற்றைக் கூட்ட வேண்டும். ஜமாலுதீன் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி ஒரு பழைய டியூப் துண்டால் கட்டினான். விளக்கு எரிந்தது. நின்று எரிந்தது.

தெருக்காரர்கள் தங்கள் வண்டிகளிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் பெட்ரோல் உறிஞ்சிக் கொடுத்தார்கள். யாரும் கணக்குச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய இன்னொன்று. நான் பாட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வண்டிப் புகை ஜன்னல் வழியாக அவள் அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. மெஷின் அந்தக் காற்றைத்தான் இழுத்துக் கொடுத்திருக்கிறது. நான் உள்ளே போனபோது அவள் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மாஸ்க் கழுத்தில் கிடந்தது. வண்டியை உடனே நிறுத்தினேன். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

புகையினால்தான் மாஸ்க்கைத் தள்ளியிருக்கிறாள்.


டிசம்பர் 6, வெள்ளி

மழை. வண்டியைக் கொல்லைப்புறம் மாற்றினோம். ஓடியது.


டிசம்பர் 7, சனி

பாட்டரி மெஷினோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதால் கொல்லையிலிருந்து அறைக்கு நீளமான ஒயர் தேவைப்பட்டது. வீட்டிலிருந்த காலிங் பெல் ஒயரை இழுத்துக் கட்டினேன். பழையபடி மின்னி அணைந்தது. மெல்லிய ஒயர் நீளமாகப் போனால் வழியிலேயே சத்து தீர்ந்துவிடும், மெல்லிய குழாயில் வெகுதூரம் தண்ணீர் விட்ட மாதிரி. கிணற்று மோட்டார் கொட்டகையிலிருந்து தடித்த ஒயரை எடுத்து மாட்டியபின் சரியாயிற்று. பகலில் மெஷினை ஓட்டிக்கொண்டே பாட்டரியை நிரப்புவது, இரவில் பாட்டரியில் மட்டும் மெஷினை ஓட்டுவது என்று ஒரு முறை அமைந்துவிட்டது. இஞ்சின் சூடேறுவதால் நடுநடுவே ஓய்வு கொடுக்கிறோம்.

ஜமாலுதீன் என்னைப் பாராட்டினான். எனக்கும் வேலை பிடித்திருக்கிறது என்பதை மறைப்பானேன். போல்ட் துருப்பிடித்தால் தேய்க்கலாம். ஒயர் மெலிந்தால் மாற்றலாம். அரசிக்கு இந்த ஒன்றரை வருடத்தில் டாக்டர்கள் ஒவ்வொரு முறையும் இன்னும் எது போயிற்று என்று மட்டும்தான் சொன்னார்கள்.

மாலையில் கொஞ்ச நேரம் போனில் சிக்னல் வந்தது. கவியரசு பிடித்துவிட்டான். அழுதான். அம்மா நன்றாக இருக்கிறாள், உன் வண்டிதான் காப்பாற்றுகிறது என்றேன். அம்மாவிடம் கொடுங்கள் என்றான். மாஸ்க் போட்டிருக்கிறாளே, எப்படிப் பேசுவாள், எடுத்தால் ஆபத்து என்று விளக்கினேன். அவள் இடது கையைத் தூக்கி போனைக் கேட்பதுபோல விரல்களை மடக்கினாள். சரி, காதிலாவது வைக்கலாம் என்று நான் எழுந்து போவதற்குள் சிக்னல் போய்விட்டது.

கையை வெகுநேரம் கீழே இறக்கவில்லை. நான்தான் பிடித்து மெத்தைமேல் வைத்தேன்.


டிசம்பர் 8, ஞாயிறு

மெஷின் விடாமல் அலறுகிறது. வழியெல்லாம் சோதித்தேன். சாக்கெட் சரி. தடித்த ஒயரின் முடிச்சுகள் சரி. பாட்டரி நிறைந்திருக்கிறது. மெஷினிலிருந்து மாஸ்க்குக்குப் போகும் குழாயில் ஓட்டை இல்லை. பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன், சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பதுபோல. ஒரு குமிழிகூட வரவில்லை.

மாஸ்க் பட்டையை இறுக்கினேன். கன்னத்தில் தடம் விழுகிறது. வேறு வழியில்லை.

ஜமாலுதீன் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். ஊட்டுவதற்காக மாஸ்க்கை எடுத்தபோது அரசி கஞ்சியை வாங்காமல் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். கொல்லையில் வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. சாப்பிடு முதலில் என்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பிடிவாதக்காரி. தபால் ஆபீசில் வேலை பார்த்த காலத்திலேயே போஸ்ட் மாஸ்டர் இவளுக்குப் பயப்படுவார்.

தூக்கத்தில் அவளறியாமல் கை மாஸ்க்கில் பட்டுவிடுகிறது போலிருக்கிறது. அதனால் இடது கையை ஒரு மெல்லிய துண்டால் கட்டில் சட்டத்தோடு சேர்த்து வைத்தேன். இறுக்கமாக இல்லை. இரண்டு விரல் நுழையும் அளவு இடம் விட்டிருக்கிறேன். பதினோராம் தேதிக்குள் சாலை திறந்துவிட்டால் அப்புறம் இந்தத் தொல்லையே இருக்காது.

அதன்பிறகு மெஷின் அலறவில்லை.

பழுது கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதவில்லை.


டிசம்பர் 9, திங்கள்

வாரம் ஒருமுறை வரும் வீட்டுப் பராமரிப்பு நர்ஸ் மரியசெல்வி வந்தாள். பாதித் தூரம் டிராக்டரிலும், விழுந்த மரங்களைத் தாண்டி மீதித் தூரம் நடந்தும் வந்திருந்தாள். சேலையில் முழங்கால்வரை சேறு. கால் கழுவிவிட்டு நேரே அரசியிடம் போனாள்.

நான் பின்னாலேயே நின்று வண்டி, சாக்கெட், போல்ட், தடித்த ஒயர் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் துண்டின் முடிச்சை அவிழ்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். துண்டை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். மணிக்கட்டைத் தடவிக் கொடுத்தாள்.

“பட்டை நல்லாத்தான் சார் இருக்கு,” என்றாள். “கழண்டு வரல.”

தூக்கத்தில் கை பட்டுவிடுகிறது என்று ஆரம்பித்தேன்.

“சார், நான் ஒண்ணு கேக்கலாமா? அம்மா எதுக்குக் கழட்டுறாங்கன்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?”

பெட்ரோல் இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போகத் திரும்பினேன். மரியசெல்வி மாஸ்க்கைத் தூக்கினாள். அரசி மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்.

“வண்டிய நிறுத்துங்க. நான் பேசுறது எனக்கே கேக்கல.”

போய் நிறுத்தினேன். இத்தனை நாளும் அந்தச் சத்தம் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. தெருவில் யாரோ அரிவாளால் மட்டை வெட்டுகிற ஓசை கேட்டது. திரும்பி வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் பேசினாள். மூன்று நான்கு வார்த்தை, பிறகு மாஸ்க், மூச்சு சேர்ந்ததும் மறுபடி நான்கு வார்த்தை. மரியசெல்வி பொறுமையாக எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். நடுவில் எனக்கு இரண்டு முறை எழுந்துபோக வேண்டும் போலிருந்தது. பாட்டரி அளவு எவ்வளவு என்று பார்க்கத்தான்.

“தொண்டையில ஓட்டை வேண்டாம்.”

மாஸ்க்.

“நீங்க சொன்னப்போ… நான் தலையாட்டல. அது நடுக்கம்.”

மாஸ்க்.

“அவன்கிட்ட பேசணும். நானே சொல்லணும்.”

எல்லாரும் உன் நல்லதுக்குத்தானே என்றேன். வகுப்பில் எந்தப் பிள்ளையிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவள் சிரித்தாள், அல்லது அந்த முகத்தில் இப்போது சிரிப்பென்று எதைச் சொல்லலாமோ அது வந்தது. “வாத்தியார்… முட்டாள் மாணவியப் பாக்குற மாதிரி… என்னையே பாக்காதீங்க. அழுதுருவேன்,” என்றாள்.

துளை போடவில்லையென்றால் என்ன ஆகும் என்று மரியசெல்வியிடம் அவள் முன்னாலேயே கேட்டேன். மரியசெல்வி எதையும் மூடி மறைக்கவில்லை. மாஸ்க் போதாமல் போகும் நாள் வரும், வெகு தூரத்தில் இல்லை. மூச்சுத் திணறல் தெரியாமலிருக்க மருந்து இருக்கிறது, டாக்டரிடம் பேசி அவளே கொண்டுவருவாள், தேவைப்படும் அளவு கொடுப்பாள். அம்மா தவிக்க மாட்டார்கள் என்றாள். அரசி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இதெல்லாம் தெரிந்தே இருந்தது என்று முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. தெரியாதவன் அறையில் ஒருவன்தான்.

சாலை நாளை திறக்குமாம்.


டிசம்பர் 10, செவ்வாய்

சாயங்காலம் கரண்ட் வந்தது. தெரு முழுக்க ஒரே கூச்சல். எதிர்வீட்டிலிருந்து ஜமாலுதீன், சார், வந்துருச்சு, வண்டியை அவிழ்த்து விட்டுரலாம் என்று கத்தினான். நான் எழுந்து போகவில்லை. அரசி அப்போது தன் அக்காவின் கல்யாணத்தில் பாயசம் தீர்ந்துபோன கதையை இரண்டிரண்டு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த கதைதான்.


டிசம்பர் 11, புதன்

தஞ்சாவூருக்குக் கூட்டிப் போக ஆம்புலன்ஸ்காரர் போன் செய்தார். சாலை சரியாகிவிட்டது, எத்தனை மணிக்கு வரட்டும் என்றார். வர வேண்டாம் என்றேன். ஏன் சார், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறினார். இல்லை, இருக்கிறாள் என்றேன்.

கவியரசுவை வீடியோவில் கூப்பிட்டேன். மாஸ்க்கை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வேண்டாம் என்று சொன்னதும் அவன் என்னைப் பார்த்துக் கோபப்பட்டான். “அப்பா, அவங்க ஏதோ விரக்தியில பேசுறாங்க. நீங்களுமா? இத்தனை நாள் வண்டிய வச்சுப் போராடுனது எதுக்கு?” நியாயமான கேள்வி. அரசிதான் சொன்னாள்: “அவரைத் திட்டாத. நீ வா.”

வருகிறேன் என்றிருக்கிறான். லீவு கேட்க வேண்டும்.


டிசம்பர் 15, ஞாயிறு

கொட்டகையைக் கூட்டினேன். வண்டிக்கு உறை போட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை.

மருந்து ஆரம்பித்தாயிற்று. முன்பைவிட அதிகம் தூங்குகிறாள். மாஸ்க் வேண்டும்போது கண்ணை இரண்டு முறை மூடித் திறப்பாள், வைப்பேன். வேண்டாமென்றால் ஒரு முறை, எடுப்பேன். எடுத்த பிறகு வைக்கச் சொல்லும்வரை காத்திருப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது. கைகள் தாமாகவே எழுகின்றன. தொடையின் கீழே வைத்து உட்கார்ந்துகொள்கிறேன்.


டிசம்பர் 19, வியாழன்

இன்று முழுக்க இரண்டு வார்த்தைதான் பேசினாள். மெல்லிய குரல்கூட இல்லை, காற்று மட்டும். காதை உதட்டருகே கொண்டுபோய்க் கேட்டேன். “சாப்டீங்களா?” என்பதும், அதற்கு நான் சாப்பிட்டேன் என்று சொன்ன பிறகு “பொய்” என்பதும்.

கவியரசுவுக்கு இருபத்து மூன்றாம் தேதிதான் டிக்கெட். மரியசெல்வியிடம் அதுவரை என்று கேட்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவளும் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.


டிசம்பர் 21, சனி

இடது கை இன்று காலையிலிருந்து தூக்க வரவில்லை. விரல்கள் மட்டும் கொஞ்சம் அசைகின்றன. கையை எடுத்து என் கைக்குள் வைத்திருக்கிறேன், ஆகவே இதைத் துண்டுதுண்டாகத்தான் எழுத முடிகிறது. அவள் தூங்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். எதுவும் வேண்டாம். சரி என்று உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்குச் சொல்ல இன்னும் ஏதாவது இருக்குமோ என்று நினைக்கிறேன். அதற்கு இனிக் குரல் வராது. குரல் இருந்த நாட்களில் நான் கொல்லையில் இருந்தேன்.

வண்டி சாக்கெட்டைப் பற்றி யாருக்காவது பயன்படும் என்று எழுத ஆரம்பித்த குறிப்பு இது. அந்தப் பகுதியில் எழுதியதெல்லாம் சரிதான், செய்து பார்க்கலாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் படுத்திருப்பவரிடம் இன்றைக்கு ஒரு கேள்வி கேளுங்கள்; அவர் சொல்லி முடிக்கும்வரை நாற்காலியைவிட்டு எழாமல் உட்கார்ந்து பாருங்கள்.